தஸ்தகீர் பாயின் பச்சைப் பொட்டு

செண்பகனூரில், ரோட்டோரமாகத் தகரக் கொட்டகை போட்டு, செத்துப்போன லேப்டாப்புகளை வாங்கி ரகம் பிரித்துக் கீழே பழனிக்கு அனுப்புகிற தஸ்தகீருக்கு வயது ஐம்பத்திரண்டு. இத்தனை வருஷத்தில் அவர் எவனையாவது முழுசாக நம்பினார் என்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது. டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். மருந்துக்கடையில் வாங்கின மாத்திரை அட்டையை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை எண்ணுவார்.

"உங்களுக்குச் சொர்க்கமே கெடச்சாலும் வாசல்ல நின்னு, சரக்கு ஒரிஜினலான்னு கேப்பீங்க" என்பாள் அவர் மனைவி பதுருன்னிசா.

"கேட்டா என்ன தப்பு?" என்பார் இவர்.

அந்தப் புத்தி இல்லாமல் இந்தத் தொழில் ஓடாது, அதுவும் உண்மை. பள்ளிக்கூடங்கள், ஹோட்டல்கள், ஊரிலிருந்து வந்து மலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் என்று கொடைக்கானலில் லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. பனியும் ஈரமும் சேர்ந்து நாலைந்து வருஷத்தில் அதைச் சாகடித்துவிடும். விற்க வருகிறவன் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவான்: "உள்ள எல்லாம் அப்படியே இருக்கு பாய், திறந்ததே இல்ல." தஸ்தகீர் பதில் பேசமாட்டார். மெஷினைக் குப்புறப் போட்டு அடியில் உள்ள ஸ்க்ரூக்களைப் பார்ப்பார். மலையில் கிடந்த மெஷின் என்றால் ஸ்க்ரூத் தலையில் லேசாகத் துரு பூத்திருக்கும். ஒரே ஒரு தலை பளபளவென்று இருந்தாலும், எவனோ உள்ளே கை விட்டிருக்கிறான். பிறகு ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார். வயிற்றில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடும்.

சரக்கை மூன்றாகப் பிரிப்பார்கள். உயிர் மட்டும் போய், உறுப்பெல்லாம் முழுசாக இருந்தால் ஒன்றாம் நம்பர். ஒன்றிரண்டு உறுப்பு பிடுங்கப்பட்டிருந்தால் இரண்டாம் நம்பர். வெறும் கூடாகக் கிடந்தால் சக்கை. ஒன்றாம் நம்பர் ஒவ்வொன்றையும் முருகேஸ்வரி திறந்து பார்த்து, மறுபடி மூடி, அடியில் நடு ஸ்க்ரூவின் மேல் பச்சை நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பாள். ஸ்க்ரூவைத் திருகினால் பொட்டு உடைந்துவிடும். அதுதான் சீல். ஆரம்பத்தில் அந்தப் பாட்டிலை வாங்கப் போனபோது பஜார் ஃபேன்சி ஸ்டோர்க்காரர், "என்ன பாய், பச்சைக் கலரு? வீட்டுல இருக்கவங்களுக்கா, வெளிய இருக்கவங்களுக்கா?" என்று கேட்டு, இவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முருகேஸ்வரி பதினொரு வருஷமாக அங்கே வேலை செய்கிறாள். நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன்னால் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவள். ஸ்க்ரூ டிரைவர் அவள் விரலில் ஆறாவது விரல் மாதிரி நிற்கும். அதிகம் பேசமாட்டாள். அதுவே தஸ்தகீருக்கு ஒரு சந்தேகம்தான்.

பழனியில் சரக்கை எடுப்பவர் ராஜமுருகன். ஊருக்கு வெளியே பெரிய குடோன் வைத்து, நாலு பக்கமும் வருகிற சரக்கைச் சேர்த்து, லைசன்ஸ் உள்ள மறுசுழற்சி ஆலைக்கு லாரியில் அனுப்புகிறவர். ஒன்பது வருஷமாகப் பச்சைப் பொட்டு இருந்தால் அவர் மெஷினைத் திறப்பதே இல்லை. மற்ற வியாபாரிகளின் சரக்கு குடோன் வாசலில் மூன்று நாள் பிரித்துப் போட்டபடி கிடக்கும். தஸ்தகீர் சரக்கு மட்டும் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே லாரியில் ஏறும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன மனுஷனுக்கு அந்தப் பொட்டுதான் பட்டம், கையெழுத்து எல்லாம்.

அந்தப் புதன்கிழமை காலை வெள்ளனே ராஜமுருகனிடமிருந்து போன் வந்தது.

"பாய், உங்க சரக்குல கோளாறு இருக்கு."

"எந்தச் சரக்குல?"

"போன வாரம் வந்த முப்பத்தெட்டுல. புதுசா ஒரு பையன் வச்சிருக்கேன், கோகுல்னு, டிப்ளமா படிச்சவன். சும்மா சாம்பிளுக்குத் திறந்து பாக்குறேன்னான். அந்த மெலிசு மாடல் பன்னெண்டுலயும் ரேம் இல்ல. ரேம் சொருகுற எடம் பல்லு விழுந்த வாய் மாதிரி காலியாக் கெடக்கு."

"பொட்டு?"

"பொட்டு அப்படியே இருந்துச்சு. அதான் பாய் பயமா இருக்கு. பொட்டு உடஞ்சிருந்தா ஜீப்புக்காரனக் கேப்பேன்."

தஸ்தகீர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"வெள்ளிக்கெழம லாரி கெளம்புது. அதுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க. இல்லன்னா இனிமே உங்க சரக்கையும் எல்லாரு மாதிரி திறந்துதான் எடுப்பேன். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. திறந்து எடுத்தால் பொட்டு செத்தது. பழனி பஜாரில் மறுநாளே எல்லோர் வாயிலும் அதுதான் கிடக்கும்.

தஸ்தகீர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பொட்டு உடையவில்லை. அப்படியானால் ஜீப் ஓட்டுகிற கந்தவேல் இல்லை. பொட்டு வைப்பதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். அல்லது உடைத்து எடுத்துவிட்டு அதே கலரில் மறுபடி வைத்திருக்க வேண்டும். அந்தப் பாட்டில் இரண்டு பேர் கையில்தான் புழங்குகிறது. ஒரு கை அவருடையது.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு பழைய பாடம் உண்டு. பொன்னுவேல் என்ற கூட்டாளியிடம் ஒருமுறை, "செம்புக் கம்பி குறையுதே, நீ எடுத்தியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். "என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க" என்று கண் கலங்கின அந்த ஆள், அன்று பொழுது சாய்வதற்குள் மிச்சம் இருந்த கம்பியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து தஸ்தகீரின் சட்டம் இதுதான்: எவன்மேல் சந்தேகமோ அவனிடம் கேட்காதே. பார்த்துக்கொண்டே இரு.

பார்த்தார். முருகேஸ்வரி குனிந்தால் பார்த்தார், நிமிர்ந்தால் பார்த்தார். அவள் கழுத்தைச் சொறிந்தால்கூட அந்தக் கை எங்கே போய்த் திரும்புகிறது என்று பார்த்தார். மதியம் அவள் கை கழுவப் போன நேரத்தில், ஒரு ரேம் சில்லின் ஓரத்தில் பேனாவால் சின்னக் கோடு இழுத்து, அவள் மேஜையில் குப்பையோடு குப்பையாகப் போட்டு வைத்தார். சாயங்காலம் பார்த்தால் மேஜையில் அது இல்லை. உதிரி சில்லுகளைப் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். கோடு போட்ட சில்லு அதற்குள் கிடந்தது.

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் மனசு ஆறியிருக்கும். தஸ்தகீர், 'உஷாராயிட்டா' என்று நினைத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சமே பேயாகத் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. மேகம் இறங்கி ரோடே தெரியவில்லை. முருகேஸ்வரி எதிர்க்கடைக்கு டீ வாங்கப் போனாள். சுவரில் ஆணியில் அவள் பை தொங்கிக்கொண்டிருந்தது. பதினொரு வருஷமாக அதே ஆணிதான். தஸ்தகீர் பையை இறக்கி, கையை உள்ளே விட்டார். டிபன் பாக்ஸ். சீப்பு. பிரஷர் மாத்திரை. ரேஷன் கார்டு. அதற்கும் அடியில், காகிதத்தில் சுற்றி, ஒரு புது பாட்டில் பச்சை நெயில் பாலிஷ்.

'மாட்டுனா!' என்றது அவர் மனசு. பொட்டை உடைத்து ரேமை எடுக்கிறாள், கடைப் பாட்டில் குறையாமல் சொந்தப் பாட்டிலில் மறுபடி வைக்கிறாள்.

"சீனி கம்மியா போடச் சொன்னேன் பாய்."

திரும்பினார். இரண்டு கையிலும் டீயோடு அவள் வாசலில் நின்றாள். அவர் ஒரு கையில் பாட்டில். இன்னொரு கை இன்னும் அவள் பைக்குள்.

தகரத்தில் பனி சொட்டியது.

"என்ன தேடுறீங்க?"

"இது என்னது?" பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"பாலிஷு. பழசு காஞ்சு கட்டியாப் போச்சு, ஒரு பாட்டில் வாங்கிப் போடக் கூடாதான்னு திங்கக்கெழம கத்துனது யாரு? நேத்து பஜார்ல வாங்குனேன். எடுத்து வைக்க மறந்துட்டேன்." டீயை மேஜையில் வைத்தாள். "பாலிஷத் தேடுறதுக்கு எம் பைக்குள்ள எதுக்குக் கைய விட்டீங்க?"

இனி மறைக்க வழியில்லை. ராஜமுருகன் போனில் சொன்னது அத்தனையும் கொட்டினார். பன்னிரண்டு மெஷின், ரேம் இல்லை, பொட்டு உடையவில்லை. பாட்டில் இரண்டு கையில்தான் இருக்கிறது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மூலையில் கிடந்த குவியலுக்குப் போனாள். அந்தப் பன்னிரண்டு மெஷினை விற்ற ஹோட்டலிலிருந்தே வந்த மெலிசு மாடல் இன்னும் நாலு பாக்கி இருந்தது. ஒன்றைத் தூக்கி அவர் முன்னால் போட்டு, அடித்தட்டைக் கழற்றினாள். ரேம் சொருகுகிற இடம் காலியாகத்தான் இருந்தது.

"இதானே அங்க பாத்தது?"

"இதான்."

ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து, போர்டையே வெளியே உருவி, மறுபக்கம் திருப்பினாள். அங்கே வரிசையாக நாலு கறுப்புச் சில்லு, போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியபடி இருந்தன.

"இந்த மாடலுக்கு ரேமு போர்டோடயே ஒட்டிப் பொறந்தது. அந்தக் காலி எடம் கூடுதலா வேணும்னா வாங்கிச் சொருகிக்கிறதுக்கு. ஹோட்டல்காரன் சொருகல, அவ்வளவுதான். ஒண்ணொண்ணையும் திருப்பிப் பாத்துட்டுத்தான் பொட்டு வச்சேன்."

தஸ்தகீர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பதினொரு வருஷமாக அவர் ஸ்க்ரூத் தலையையும் எடையையும்தான் பார்க்கிறார். போர்டைத் திருப்பிப் பார்ப்பது அவள் வேலை. இவர் கடைசியாகத் திருப்பிப் பார்த்த காலத்தில் எந்த ரேமும் போர்டோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"எனக்கு இது தெரியாதும்மா."

"தெரியாதுன்னா கேக்கணும். புதன்கெழம காலையில ஒரு வார்த்த கேட்டுருந்தா, டீ ஆறுறதுக்குள்ள சொல்லிருப்பேன்." பையை வாங்கித் தோளில் மாட்டினாள். "அந்தக் கோடு போட்ட சில்லு... அதையும் நான் பாத்தேன் பாய். பாத்துட்டுத்தான் டப்பாவுல போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"நாளைக்கு என்கூட பழனிக்கு வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருறியா?"

"நான் வரல. உங்க பொட்டு. நீங்களே போய்க் காப்பாத்திக்கங்க."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தஸ்தகீர், போர்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பழனிக்கு இறங்கினார். குடோனில் லாரி நின்றது. கோகுல் என்ற பையன் காதில் வயரோடு வந்தான். மீசை முளைக்கலாமா என்று இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, போர்டத் திருப்பிப் பாத்தியா?"

"அடித்தட்டுதான் சார் கழட்டுனேன். ஸ்லாட்டு காலியா இருந்துச்சு."

தஸ்தகீர் துண்டைப் பிரித்து நாலு சில்லையும் காட்டினார். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னார், ஒட்டிப் பிறந்தது உட்பட. கோகுல் ஓடிப்போய் ஒரு மெஷினின் போர்டை உருவினான். இன்னொன்றை உருவினான். மூன்றாவதோடு நிறுத்தி, காதிலிருந்த வயரைக் கழற்றிவிட்டான்.

"ஏலே, படிச்சவன்னுதானடா ஒன்னய வச்சேன்!" என்று ராஜமுருகன் அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க பாய். உங்களயே சந்தேகப்பட்டுட்டேன். எப்பவும் போல சரக்கு லாரியில ஏறட்டும். ஆமா, இவ்வளவு நுணுக்கமா யாரு பாக்குறது? நீங்களா?"

தஸ்தகீருக்கு ஒரு நிமிஷம் ஆமாம் என்று சொல்லிவிடத் தோன்றியது.

"முருகேஸ்வரின்னு ஒரு அம்மா. அவுங்க பாத்ததுதான் எல்லாம்."

"போன்லயே சொல்லிருக்கலாமே பாய். அவுங்களக் கேட்டுட்டு அன்னைக்கே கூப்புட்டுருந்தா நானும் ரெண்டு நாள் தூங்கிருப்பேன்."

தஸ்தகீர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அடிவாரத்தில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கினார். முருகேஸ்வரிக்குப் பிடிக்கும்.

அவள் வரமாட்டாள் என்றே நினைத்திருந்தார். சனிக்கிழமை காலை எப்போதும் போல வந்தாள். பையை அதே ஆணியில் மாட்டினாள். மேஜையில் இருந்த பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து, சுட்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, வேலையில் உட்கார்ந்தாள். இருபத்து நாலு மெஷின் பார்த்தாள். பதினொன்றுக்குப் புது பாட்டிலைத் திறந்து பொட்டு வைத்தாள். தஸ்தகீருக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

ஐந்து மணிக்குக் கை கழுவிவிட்டு வந்தவள், பையை ஆணியிலிருந்து எடுத்து, அவர் மேஜைக்கு முன்னால் வந்து, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை, ரேஷன் கார்டு, பாதி தின்ற பஞ்சாமிர்த டப்பா எல்லாம் வந்து விழுந்தன.

"பாத்துக்கங்க பாய்."

"அட, வேணாம்மா! எடுத்து உள்ள வையி."

"பாத்துருங்க. பஸ் வந்துரும்."

அவர் பார்க்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கடைசியில் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, "சரி" என்றார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மேகத்துக்குள் இறங்கி பஸ்ஸைப் பார்த்துப் போனாள்.

திங்கட்கிழமையும் கவிழ்த்தாள். செவ்வாயும் கவிழ்த்தாள். இது நடந்து எட்டு மாசம் ஆகிறது. பச்சைப் பொட்டுக்கு இன்றைக்கும் பழனியில் அதே மரியாதைதான். பொட்டைப் பார்த்தால் ராஜமுருகன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. தஸ்தகீர் இப்போதும் டீ டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், மாத்திரையை இரண்டு தரம் எண்ணுகிறார். சாயங்காலம் ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மட்டும், ரோட்டில் ஏதோ சோலி இருக்கிற மாதிரி எழுந்து வெளியே போய், கொட்டகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார்.

முருகேஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அவர் முன்னால் நின்று, அங்கேயே கவிழ்க்கிறாள்.