தலை முந்தக் கூடாது

சேவுகன் வேலி தாண்டுவதை முதல் தடவை பார்க்கிறவர்கள், பாவம், தடுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். ஓடி வருவான், ஒற்றைக் காலை ஊன்றி எழும்புவான், கையும் தலையும் முதலில் அந்தப் பக்கம் போகும், கால்கள் பின்னாலேயே வந்து சேரும். உழுத மண்ணில் கையை ஊன்றி ஒரு புரளல், அவ்வளவுதான், எழுந்து நிற்பான். உரத்துக்காக ராவில் வயலில் செம்மறிக் கிடை போடுகிறவனுக்கு அதுதான் தோது. ஆட்டைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்குக் கருவேல முள் அடைத்திருக்கும். காலை முன்னால் நீட்டித் தாண்டினால் தொடை கிழியும். உள்ளே ஆடு மிரளும்போது படலைத் திறந்துகொண்டிருக்க நேரம் ஏது?

சித்தன்னவாசல் பாறைக்கு மேற்கே அவன் ஊர். ஊர் என்று பெயர்தான், வருஷத்தில் மூன்று மாதம் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் ஆட்டை ஓட்டிக்கொண்டு அறந்தாங்கி, தஞ்சாவூர் என்று யார் வயலிலாவது படுக்கை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் செவந்தியோடு அவன் இருந்த நாட்களை அவளே விரல்விட்டு எண்ணிச் சொல்லுவாள்.

"எனக்கு நகை நட்டு வேணாம். சாயங்காலமானா வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேலையப் பாருங்க."

முப்பத்துநாலாம் வருஷம் அந்த வேலையே தேடி வந்தது. சமஸ்தானத்துப் போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள். புதுக்கோட்டை மைதானத்தில் ஓட்டம், தாண்டல் எல்லாம் வைத்து, ஒவ்வொன்றிலும் முதலில் வருகிறவனைச் சேர்த்துக்கொள்வார்களாம். எழுத்துத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

சேதி சொன்னவன் உடையப்பன். சேவுகனோடு ஒரே குளத்தில் நீஞ்சி வளர்ந்தவன். எட்டாவது படித்தவன், இங்கிலீஷ் வாசிப்பான். உயரம் தாண்டுதலுக்கு இருவரும் பெயர் கொடுத்தார்கள். விதிகள் அச்சடித்த தாள் ஒன்று கிடைத்தது. உடையப்பன் அதை விரித்து வைத்துக்கொண்டு தமிழில் சொன்னான்.

"ஒத்தக் கால்ல எந்திரிக்கணும். கம்பு விழுகக் கூடாது. ஒரு ஒசரத்துக்கு மூணு தடவ தாண்டலாம். அம்புட்டுத்தான்."

"வேற ஒண்ணுமில்லையே?"

"இருந்தா சொல்ல மாட்டேனாடா?"

ஒரு மாதம் கண்மாய் மணலில் கம்பு நட்டுப் பழகினார்கள். சேவுகன் ஐந்தடி மூன்றங்குலத்தை அலட்டாமல் தாண்டினான். உடையப்பன் உட்கார்ந்த வாக்கில் ஒரு காலை வீசி, மறு காலை இழுத்துக்கொண்டு போவான். அவனுக்கு நாலடி பத்தே முக்கல் முனகல்தான். "வேலியில மாட்டுன கெடா மாதிரி இருக்குடா. என்னயப் போலத் தலையக் குடு" என்று சேவுகன் சிரிப்பான். "எனக்குப் பயமா இருக்குப்பா" என்பான் உடையப்பன். எட்டாவது படித்தவனுக்கு எதற்குப் பயம் என்று இந்த வெள்ளந்திக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கூட்டாளியைச் சந்தேகப்படும் புத்தி அவனுக்கு இல்லை.

போட்டி நாளில் கம்பை நாலடி ஆறில் வைத்தார்கள். சேவுகன் ஓடி வந்து பறந்தான். கம்புக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. சனம் கைதட்டியது. நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கி இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றாரு?"

"கம்பு அசஞ்சிச்சாம். இன்னும் கொஞ்சம் மேல போ" என்றான் உடையப்பன்.

இரண்டாம் முறை இன்னும் மேலே போனான். மறுபடி சிவப்பு. மூன்றாம் முறை அவன் எழும்பிய எழும்பலுக்குக் கம்பு அசையாமல் எங்கோ கீழே இருந்தது. அதற்கும் சிவப்பு. போ என்று கையைக் காட்டிவிட்டார் நடுவர்.

கொடி பிடித்த பியூன்தான் மனம் கேட்காமல் அருகில் வந்தான். "என்னப்பா நீ, இம்புட்டு ஒசரம் போற ஆளு. தலை காலுக்கு முந்தக் கூடாதுன்னு தாள்லயே போட்டிருக்கே. யாரும் வாசிச்சுச் சொல்லலையா?"

ஒரு வரி. வாசித்தவன் ஒரே ஒரு வரியை விழுங்கியிருக்கிறான். இந்த இடத்தில் என் வாயில் வருவதை எழுதினால் அச்சில் ஏறாது. சேவுகன் திரும்பிப் பார்த்தான். உடையப்பன் குனிந்து வேட்டியை இறுக்கிக் கொண்டிருந்தான், நிமிரவே இல்லை. நாலடி பதினொன்றில் அவன்தான் முதல்.

சேவுகன் சண்டை பிடிக்கவில்லை. பத்து மைல் நடந்தே வீடு வந்தான். கூட்டாளி கழுத்தறுத்தான் என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தன்னை இளிச்சவாயன் என்று அவள் நினைத்துவிட்டால்?

"கம்பு விழுந்துருச்சு" என்றான்.

"பாழாப்போன கம்பு" என்று செவந்தி அழுதாள். அந்த மாசியில் தலைப்பிள்ளை பிறந்தபோது அவன் அறந்தாங்கிப் பக்கம் கிடையில் இருந்தான். சேதி போய்ச் சேர எட்டு நாளாயிற்று. அதற்கும் அவள் அந்தக் கம்பைத்தான் சபித்தாள்.

சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம், ஏட்டு உடையப்பன் கிடையைத் தேடி வந்தான். தொப்பை விழுந்திருந்தது. ஆடு ஊரில் அடைந்திருந்த நாள் அது. ஊர்க்காரர், ஏட்டு வேறு என்று செவந்தி, "வாங்கண்ணே" என்று ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"டேய் சேவுகா, அந்த ரூலை எடுத்துட்டாங்கடா. இப்பத் தலை முந்துனாலும் செல்லும். திருச்சியில போலீசுக்குள்ள போட்டி வருது. எங்க ஆளுகளுக்கு ஒந் தாண்டலைக் கொஞ்சம் காமிச்சுக் குடு."

சேவுகன் அவன் இடுப்பு பெல்ட்டைப் பார்த்தான்.

"அன்னைக்கு அந்த வரிய ஏண்டா வாசிக்கல?"

உடையப்பன் மோரை ஒரு மடக்குக் குடித்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ. "வாசிச்சிருந்தா நீ ஒரு வாரத்துல மாத்திக்கிட்டிருப்ப" என்றான்.

பின்னால் முறத்தோடு வந்த செவந்தி அப்படியே நின்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். ஏட்டின் கையிலிருந்த செம்பை வாங்கி, மிச்ச மோரை மண்ணில் ஊற்றினாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கம்பு விழுந்துருச்சுன்னுல்ல சொன்னீங்க? பதினாலு வருஷமா அந்தக் கம்பத்தானே நான் வஞ்சுக்கிட்டிருந்தேன்."