கோலப்பொடியில் கட்டிய மேடை

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிச் சில காலம் போனதும் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சமையல். மாமியார் பானையில் மருமகள் கை வைக்க வேண்டாம், மருமகள் குழம்பை மாமியார் எட்டிப் பார்க்க வேண்டாம். சண்டை வருவதற்கு முன்பே செய்துகொள்கிற சமாதானம். மற்ற பெண்கள் அந்த நாளுக்கு ஏங்குவார்கள். எனக்கோ அழுகை வந்தது.

நான் ஒற்றைப் பிள்ளை. நாட்டரசன்கோட்டையில் என் பிறந்த வீட்டில் பேச்சுத் துணை கிடையாது, தூணோடுதான் பேசுவேன். காரைக்குடிக்கு வாழ வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன், அப்புறம் மூடவேயில்லை. மாமியார் முற்றத்துத் தூணடியில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து காய் நறுக்குவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஊர்க்கதை அளப்பேன். அவர் அதிகம் பேசமாட்டார், சிரிப்பார். அதுவரை என் பேச்சை அப்படிக் கேட்டவர் யாருமில்லை. அந்த மனுஷியை விட்டுவிட்டு ஓர் அறைக்குள் போய்த் தனியாகச் சமைப்பதா?

எழுபதுகளின் பிற்பகுதி அது. என் கணவர் மதுரையிலிருந்து கேஸ் அடுப்பு வாங்கி வந்தார். நின்று சமைக்க மேடை கட்ட வேண்டும். அந்த வீட்டில் அதுதான் முதல் மேடை. முற்றத்துக்கு மேற்கே இருந்த சாமான் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

"அடுப்பு அக்கினி மூலையில இருக்கணும். கெழக்கப் பாத்து நின்னு சமைக்கணும்" என்றார் மாமியார்.

அந்தத் தென்கிழக்கு மூலையில் முற்றத்தைப் பார்த்து ஒரு சன்னல் இருந்தது. காற்றடித்தால் தீ அணையும், சன்னலை அடைத்துவிடலாம் என்றார் கணவர்.

"அப்ப நான் செவத்தோடயா பேசுறது?"

"நீ சமைக்கப் போறியா, பேசப் போறியா?"

இரண்டும் ஒரே வேலை என்பது இந்த ஆம்பிளைகளுக்கு என்றைக்குப் புரிந்திருக்கிறது!

வந்த கோபத்தில் கோலப்பொடி டப்பாவை எடுத்து, அறையின் தரையிலேயே மேடையை அதன் அளவுக்கு வரைந்தேன். மூலையைக் குறுக்கே வெட்டினாற்போல அடுப்புக்கான இடத்தைச் சாய்த்துப் போட்டேன். காற்று நேராகத் தீயில் படாது. இல்லாத வாணலியில் இல்லாத கரண்டியால் கிளறிக்கொண்டே, கோட்டை அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில், சன்னல் வழியாக மாமியார் முகம் முழுசாகத் தெரிகிற இடம் அகப்பட்டது. காற்றுக்கு இது சரிதான் என்று கணவரும் ஒப்புக்கொண்டார். முகத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். கூட்டிப்போய்க் காட்டினால், என் மேடையைக் காணோம்! அந்த இடத்தில் அறை நிறைய ஓர் இழைக்கோலம்.

"வேலை தொடங்குற நாளும் அதுவுமா, கோணல்மாணலா அரைக்கோலம் கெடந்துச்சு. தொடச்சுட்டு நான் ஒண்ணு போட்டேன்" என்றார் மாமியார், பெருமையாக.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாவில் கோடு கிடந்தால் எங்கள் ஊரில் அது கோலம்தான். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"அது கோலமில்ல அயித்தை, மேடை! அந்தக் கோட்டுல நின்னாத்தான் நீங்க ஒக்காந்திருக்கீகளான்னு எனக்குத் தெரியும்!"

மாமியார் விடுவிடுவென்று போய்த் தூணடியில் உட்கார்ந்துகொண்டார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அங்கிருந்து குரல் வந்தது.

"இப்பத் தெரியிறனா?"

"தெரியல அயித்தை."

"இன்னம் அங்குட்டுத் தள்ளி நில்லு ஆத்தா."

வீடே கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோலத்தை மிதித்துக்கொண்டு நான் நகர்ந்து நகர்ந்து பழைய இடத்தைப் பிடித்தேன். கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இம்புட்டுச் சாச்சா அறைக் கதவு தெறக்காது ஆச்சி."

கதவை நான் நினைக்கவேயில்லை. ஒரு முழம் குறைத்துக் கட்டினார். அந்த ஒரு முழத்தில் தூண் குறுக்கே வந்து மாமியாரை மறைத்துவிட்டது. மறுபடியும் எனக்குத் தூண்தான் வாய்த்தது.

நல்ல நாள் பார்த்து வேறு வைத்தார்கள். மாமியார் பால் பானையைக் கையில் கொடுத்துவிட்டு, முறைப்படி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, பிறகு போய்விட்டார். பால் பொங்கியது. நான் குனிந்தபடி பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆத்தா, சத்தத்தையே காணோம்?"

நிமிர்ந்தேன். தூணைவிட்டு விலகி, முற்றத்தின் நடுவில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்திருந்தார் மாமியார். முகம் முழுசாகத் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதிப் பால் வழிந்து போயிற்று.

அன்றைக்குத் தொடங்கிய பேச்சு சித்திரையிலும் ஓயவில்லை. கூரையில்லாத முற்றம், உச்சியில் வெயில் கொளுத்துகிறது. அவர் இடத்தைவிட்டு அசைவதாகக் காணோம்.

"நெழலுக்குப் போங்க அயித்தை!" என்று கத்தினேன்.

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு லேசாக் குளுருது. நீ விட்ட எடத்துலருந்து சொல்லு."