கவர் அக்கா நிரப்பிய படிவம்

அவளை எல்லாரும் கவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்முறை கேட்பவர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள். அரசு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் கடை போட்டிருப்பவளுக்கு அப்படி ஒரு பெயர் வந்தால் வேறு எதற்கு வந்திருக்கும்? உண்மையில் அது டெண்டர் கவர். ஒரு காலத்தில் விலையை ஒரு உறையிலும், சான்றிதழ்களை இன்னொரு உறையிலும் போட்டு, இரண்டையும் பெரிய உறைக்குள் வைத்து அரக்கு முத்திரை குத்தித் தரவேண்டும். முத்திரையில் கீறல் விழுந்தால்கூடத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவள் ஒட்டிய கவரை எவனும் குறை சொன்னதில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கவர் ஒழிந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடை போடுவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அந்த எதிர்க் கட்டிடத்திலேயே கொள்முதல் பிரிவில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தாள். தற்காலிகம் என்ற சொல்லுக்குப் பன்னிரண்டு வருடம் என்று அர்த்தம் இருப்பது அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் பிரஷ் செய்கிற ஒரு மனிதர் வந்தார். பள்ளிக்கூடங்களுக்குக் கழுவும் பிரஷ் கேட்டிருந்த டெண்டரில் விலை போட்டிருந்தார். காலையிலிருந்து மதியம்வரை நிற்கவைத்துவிட்டு, பத்தொன்பதாம் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போச்சு, கிளம்புங்க என்று சொன்னார்கள். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, இப்பவே போட்டுடறேன் என்றார். நான்கு மேஜையிலும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அவளும் வாயைக் கோணிக்கொண்டு கலந்துகொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேலையை விட்டாள். எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்தாள். முதல் வேலையாக அந்தப் பிரஷ்காரரைத் தேடிப்பிடித்து உட்காரவைத்து, அடுத்த வருட டெண்டரை அவருக்காக எழுதினாள். கிடைத்தது.

பிறகு ஆள் வந்துகொண்டே இருந்தது. பெஞ்ச் செய்கிறவர், சோப்புக் காய்ச்சுகிறவர், வண்டிச் சீட்டுக்கு உறை தைக்கிறவர். காகிதம் கொண்டுவாங்க என்றால் பிளாஸ்டிக் பையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவார்கள். மின்கட்டண ரசீதுக்கு நடுவே பிள்ளையின் தடுப்பூசி அட்டை கிடக்கும். அவள் பிரித்து, அடுக்கி, இல்லாததை வாங்கிவரச் சொல்லி, வரிவரியாக நிரப்புவாள். வேலை சுத்தம் என்று பேர் எடுத்தாள். பேர் எடுத்ததும் பெரிய ஆட்களும் மாடிப்படி ஏறினார்கள். அவர்களையும் அவள் திருப்பி அனுப்பவில்லை.

பெரிய ஆட்கள் வரத் தொடங்கி மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஏழு மிஷின், ஏழு பெண்கள். அவளுடைய அம்மா அரசு ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்திருக்கிறாள். புரட்டிப் படுக்கவைக்க விரிப்பைப் பிடித்து இழுத்தால் கையோடு கிழிந்து வந்ததாம்.

"கொசுவலை கூட இதைவிடக் கெட்டியா இருக்கும்க்கா. அந்தக் கிழிசல்லயே அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் தைக்கிறவக்கா. எனக்கு எப்படி இருக்கும்?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு வாங்க அப்போதுதான் அறிவிப்பு வந்திருந்தது. மொத்தத்தில் ஒரு பங்கைப் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உன்னை மாதிரி ஆளுக்குத்தான் இதை வச்சிருக்காங்க, விடாதே என்றாள். ஐம்பது தடவை துவைத்தாலும் சாயம் போகக்கூடாது என்று ஒரு நிபந்தனை. மற்றவர்கள் அதற்கு ஒரு சான்றிதழைத் தேற்றி இணைப்பார்கள். இந்தப் பெண் சான்றிதழும் வாங்கினாள், நிஜமாகவே ஐம்பது தடவை துவைக்கவும் செய்தாள். ஒவ்வொரு துவையலுக்கும் சுவரில் ஒரு கோடு. கைவிரல்கள் வெந்து தோல் உரிந்துபோயின. அந்த விரிப்பின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு சின்ன நட்சத்திரம் தைத்து மாதிரிக்கென்று கொடுத்தாள்.

முடிவு வந்தது. 'மாதிரியின் தரம் போதுமானதாக இல்லை' என்று ஒரே வரியில் தையல்காரியைக் கழித்துக்கட்டியிருந்தார்கள். ஒதுக்கீட்டுப் பங்கு முழுவதும் ஒரு பூவின் பெயர் கொண்ட நிறுவனத்துக்குப் போயிருந்தது.

அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் அக்கா அதை எழுத்துக்கூட்டி இன்னொரு தடவை படித்தாள். அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காண்ட்ராக்டர் வந்திருந்தார். கட்டில், மெத்தை, சிமெண்ட் எல்லாம் அரசுக்குத் தள்ளிவிடுகிற ஆள். பேச்சுவாக்கில் அவள்தான் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினாள்: "பொம்பளைங்க பேர்ல ஒண்ணு பதிஞ்சு வச்சுக்கிட்டா ஒதுக்கீடு வருதுங்க. பின்னாடி உதவும்." மறுநாளே அவர் மனைவியைக் கூட்டிவந்துவிட்டார். அந்த அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இது எதுக்கு என்று கேட்டாள். காண்ட்ராக்டர், போடு என்றார். அக்கா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரல் வைத்து, இங்க போடுங்கம்மா, இங்க, அப்புறம் இங்க என்று காட்டினாள். நிறுவனத்துக்குப் பெயர் கேட்டபோது எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டர் பூவைப் பார்த்து அவளே ஒன்று சொன்னாள். தொழில் என்ற கட்டத்தில் தையல் என்று எழுதினாள். எங்கே தைக்கிறார்கள், யார் தைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முடிவு வந்த மறுநாள் காலை படிவத்தில் தான் எழுதிய விலாசத்தைத் தேடிப் போனாள். பெரிய வீடு. கார் ஷெட்டில் இரண்டு தையல் மிஷின், கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். சோதனைக்கு வருகிறவர்கள் பார்க்கவேண்டுமே, அதற்காக. கதவைத் திறந்த காண்ட்ராக்டர் மனைவிக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

"நீங்க தைப்பீங்களாம்மா?"

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாதுங்க."

"அப்புறம் எப்படிம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானே விரல் வச்சுக் காட்டினீங்க?"

அதில் குத்தல்கூட இல்லை. அதுதான் அக்காவால் தாங்க முடியாததாக இருந்தது.

அங்கிருந்து நேராக எதிர்க் கட்டிடத்துக்குப் போனாள். அவளோடு வேலை பார்த்தவர் இப்போது அங்கே சூப்பிரண்டு. ஸ்கூட்டர் சாவியால் காதைக் குடைந்து, வந்ததை ஒரு ஃபைலின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் பக்கத்து மேஜையைப் பார்த்தாள். அங்கே கம்ப்யூட்டர்மேல் தூசி படாமல் ஒரு துணி போர்த்தியிருந்தது. மூலையில் சிவப்பு நட்சத்திரம்.

"இது என்ன துணி சார்?"

"சும்மா கிடந்துச்சு. நல்ல கெட்டித் துணி, போட்டு மூடி வச்சோம்."

"தரம் போதலைன்னு எழுதியிருக்கீங்க."

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். "என்ன அக்கா, புதுசா வந்த மாதிரி பேசறீங்க? யாருக்குப் போகணும்னு இருக்கோ அவங்களுக்குப் போகுது. அந்த கம்பெனியே உங்க கைராசிதானே?"

பழைய நாளைப்போல அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். கீழே குழாயடியில் கையைக் கழுவினாள். அங்கே எதையும் தொடவில்லை. ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மேலதிகாரிக்கு முறையீடு செய்ய வழி உண்டு. ஆனால் அந்த நிறுவனம் போலி என்று உனக்கு எப்படித் தெரியும் என்று முதல் கேள்வியே வரும். மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கப் போற. அப்புறம் எவன் உன் படியேறுவான்?"

"வரவேணாம்."

"வரவேணாம்னு வாய் சொல்லும். வயிறு என்ன சொல்லும்?"

"வயிறு நேத்துலேர்ந்து குமட்டிக்கிட்டுதாங்க இருக்கு" என்றாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முறையீடு எழுதுவதற்கு முன் கொட்டகைக்குப் போனாள். தையல்காரி மிஷினை நிறுத்தாமலே முழுவதையும் கேட்டாள். கடைசியில்தான் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"அக்கா, நான் அம்பது தடவை துவைச்சேன்க்கா."

"தெரியும்மா."

"நீங்க மூணு வருஷம் முன்னாடியே எங்க எல்லாரையும் துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு என்னை உக்காரவச்சு எழுதினீங்க?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் கையை நீட்டி வாசலைக் காட்டினாள். "போங்கக்கா. இவங்களுக்கு முன்னாடி நான் எதாவது கேவலமா பேசிடுவேன்." மற்ற ஆறு பேரும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவே அக்கா முறையீட்டை எழுதி அனுப்பினாள். விசாரணை பதினைந்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில். நீள மேஜை, ஒரு பெண் அதிகாரி, ஓரத்தில் குறிப்பெடுக்கிறவர். காண்ட்ராக்டர் வாசனைத் தைலம் மணக்க வந்திருந்தார். பக்கத்தில் மனைவி.

"நீங்களே நிரப்பிக் கொடுத்த படிவம். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினீங்களா?" என்று அதிகாரி அக்காவைக் கேட்டார்.

"நான் கேக்கலைங்க."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா தெரிஞ்சுடும்னுதான் கேக்கலை."

குறிப்பெடுக்கிறவரின் பேனா ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. காண்ட்ராக்டர் சிரித்தார். "அக்காவுக்கு வயசாயிடுச்சும்மா. வர்றவங்க போறவங்க எல்லாரையும் குழப்பிக்கறாங்க."

அதிகாரி அவரைக் கவனிக்காமல் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒரு கட்டிலுக்கு விரிப்பு தைக்க எத்தனை மீட்டர் துணி ஆகும்?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். "உங்களைக் கேக்கலை" என்றார் அதிகாரி.

அந்த அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தெரியாது. என்ன கம்பெனின்னும் தெரியாது. எங்க போடச் சொன்னாங்களோ அங்க போட்டேன்."

வெளியே வந்ததும் காண்ட்ராக்டர் அக்காவின் காலடிக்குப் பக்கத்தில் காறித் துப்பினார். பிறகு மனைவியைப் பார்த்து, ஏறு என்றார். அந்த அம்மா காரில் ஏறவில்லை. பஸ் நிற்கிற பக்கமாகத் தனியாக நடந்து போனாள். அவளிடம் போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று அக்காவுக்கு இருந்தது. நாலடி பின்னால் நடந்துவிட்டு நின்றுவிட்டாள்.

உத்தரவு வந்தது. விரிப்பு ஒப்பந்தம் ரத்து. பூப்பெயர் நிறுவனம் பட்டியலிலிருந்து நீக்கம். அக்கா ஒரு வருடத்துக்கு எந்த அலுவலகத்திலும் யார் சார்பிலும் ஆஜராகவோ படிவம் நிரப்பவோ கூடாது. சூப்பிரண்டைத் தண்டிக்கிறோம் என்று வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குக் குளிர்சாதன அறை. இதைக் கேட்டபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டு போகாததுபோல் இருந்தது.

மறு டெண்டரில் தையல்காரி தானே உட்கார்ந்து நிரப்பினாள். இரண்டு இடத்தில் தப்பு விட்டு, அதிகாரி திருப்பி அனுப்ப, திருத்திப் போட்டு, ஒதுக்கீட்டில் பாதியை வாங்கினாள். மீதிப் பாதி இன்னொரு புது நிறுவனத்துக்குப் போயிற்று. அதன் சொந்தக்காரியையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். அதன் பதிவுப் படிவத்தை அடுத்த தெருவில் புதிதாகக் கடை போட்ட ஒருவன் நிரப்பிக் கொடுத்தானாம். எழுத்து முத்து முத்தாக இருந்ததாம்.

அந்த ஒரு வருடம் அக்கா கீழே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், கூட இருந்தே காட்டிக்கொடுத்தவள் என்று விலகிவிட்டார்கள். பிரஷ்காரர் மட்டும் எப்போதாவது வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எதுவும் கேட்காமல் போவார்.

வருடம் முடிந்து மாடியறையை மறுபடி திறந்தாள். வருகிறவர்களிடம் முதலில் காகிதம் கேட்பதில்லை. "எங்க செய்றீங்க? வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்பாள். சிலர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சிலர், நாளைக்கு வர்றேங்க என்று படியிறங்குவார்கள், வரமாட்டார்கள். இரண்டாவது வகைதான் அதிகம். அவர்கள் அடுத்த தெருவுக்குத்தான் போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். நான் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கிட்டா ஊர்ச் சாக்கடை நாறாமப் போயிடுமா என்று கணவரிடம் ஒருநாள் கேட்டாள். போகாது, ஆனா நீ அதுல கை விடலையே என்றார் அவர். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஏற்கெனவே அதில் விட்ட கைதானே இது.

தையல்காரியைத் தெருவில் இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் அந்தப் பெண் எதிர்ப்பக்கம் மாறிப் போனாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் கட்டிலாகப் புது விரிப்பு இருந்தது. அக்கா குனிந்து ஒன்றின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அடுத்த வரிசைக்குப் போய் இன்னொன்றை இழுத்தாள். அது கையோடு கிழிந்து வந்தது.