மிச்சமிருந்த பதினான்கு யூனிட்

எனக்குப் பதினோரு வயதானபோது இரண்டு நாட்களுக்கு ஒரு பதவி கிடைத்தது. சம்பளம் இல்லை, நாற்காலி இல்லை, ஆனால் அதிகாரம் நிறைய இருந்தது. வீட்டில் யார் ஸ்விட்சைப் போட்டாலும் ஏன் போட்டீர்கள் என்று கேட்கலாம். அப்பாவையே கேட்கலாம். அதன் பிறகு இன்றுவரை அப்படியொரு பதவி எனக்கு வாய்க்கவில்லை.

திண்டிவனத்தில், மரக்காணம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கீழே அப்பா, அம்மா, நான். மாடியில் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய பெண். அவள் என்னைவிட ஒன்பது மாதம் சின்னவள். அந்த ஒன்பது மாதத்துக்காக அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, அக்காவுக்கு உரிய மரியாதை முழுவதையும் நான் கறாராக வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, போகும்போதும் வரும்போதும் ஒரே குடை. அப்பாவுக்கு உள்ளூரிலேயே ஒரு ரைஸ் மில்லில் வேலை. சித்தப்பா விழுப்புரத்தில் பஸ் மெக்கானிக். தினமும் ரயிலில் போய் வருவார்.

வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு ஃப்ரிட்ஜ், இரண்டு டிவி. கரண்ட் மீட்டர் மட்டும் ஒன்று. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடும் இடத்துக்கு நேர் மேலே அது இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறவர் வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். வரும் பில்லை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாகக் கட்டுவார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஐந்நூறு யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலை. ஐந்நூற்றொன்று ஆகிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முன்னால் எரித்ததற்கும் விலை ஏறிவிடும். எனக்குப் பதவி கிடைத்ததற்கு முந்தைய தடவை முப்பத்தொரு யூனிட் தாண்டிப் போய், பில் எகிறியிருந்தது. அம்மா மாடியிலிருக்கும் வாஷிங் மெஷினைப் பற்றிப் பாத்திரங்களிடம் பேசினாள். சித்தி எங்கள் கிரைண்டரைப் பற்றித் துணிகளிடம் பேசினாள். பாத்திரத்துக்கும் துணிக்கும் காது இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் கேட்டது. ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒருநாள் சித்தப்பா படியிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம் சொல்லிவிட்டார்:

"இன்னொரு வாட்டி ஐந்நூறு தாண்டிச்சின்னா நான் விழுப்புரத்துலயே வூடு பாத்துக்கினு போயிடறேண்ணா. தெனம் தெனம் இந்த பேஜாரு நமக்கு வேணாம்."

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும் அந்த வார்த்தை அப்படியே நெஞ்சில் தைத்தது. அவள் விழுப்புரத்துக்குப் போய்விட்டால் என் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. பயம் என்றால் என்ன என்று நான் முதலில் தெரிந்துகொண்டது பேயிடமிருந்து அல்ல, ஐந்நூறு என்ற எண்ணிடமிருந்துதான்.

இரண்டு மாதம் போனது. முழுப்பரீட்சை நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலையிலிருந்து வந்த சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டர் முன்னால் நின்றார். வெள்ளை அட்டையையும் மீட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நானூற்று எண்பத்தாறு ஆகியிருந்தது. ரீடிங் எடுப்பவர் வரவேண்டியது திங்கட்கிழமை. மிச்சம் பதினான்கு. நாங்கள் வழக்கமாக எரிக்கிற வேகத்துக்கு ஞாயிறு மத்தியானம்கூடத் தாங்காது.

அப்பா மில்லிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு நாளு எல்லாரும் ஒண்ணா சமாளிச்சுப் பாக்கலாமே" என்றார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் மீட்டரப் பாத்துக்கினு இருங்க. எவன் வீணா எரிச்சாலும் எங்கிட்ட சொல்லணும்." அப்படித்தான் எனக்குப் பதவி வந்தது. தங்கச்சி என் உதவியாளர்.

சனிக்கிழமை காலையே வீடு தலைகீழானது. மாடி ஃப்ரிட்ஜைக் காலி செய்து, எல்லாவற்றையும் எங்கள் ஃப்ரிட்ஜில் திணித்தோம். சித்தியின் தயிரும் அம்மாவின் தயிரும் முதல்முறையாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. அடுப்பு ஒன்று போதும் என்று அம்மா சொன்னாள். கேஸுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சித்தி கேட்கவில்லை, சாமான்களோடு கீழே இறங்கிவிட்டாள். இரண்டு சமையலறையிலும் விளக்கு எரியாமல் ஒன்றில் எரிந்தால் லாபம்தானே என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

கிரைண்டர் ஓடக்கூடாது என்பதால் இட்லி இல்லை. கேப்பைக் களி கிண்டினார்கள். துணி துவைக்கும் இடத்தில் வாளி வைக்கப் போட்டிருந்த அம்மியைக் கழுவி எடுத்துவந்து சட்னி அரைத்தார்கள். அம்மா அரைக்க, சித்தி தண்ணீர் தெளிக்க, இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கென்று நான் போய்ப் பார்க்கவில்லை. சிரிப்புக்கு யூனிட் ஓடாது என்பதால் அது என் இலாகாவில் வரவில்லை.

மோட்டார் போடாமல் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தோம். பள்ளிக்கூட யூனிஃபார்மை அயர்ன் பண்ணாமல் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து, அதன்மேல் நானும் தங்கச்சியும் புரண்டு புரண்டு படித்தோம். மெஷினில் போடவேண்டிய துணியைச் சித்தப்பாவே கல்லில் அடித்துத் துவைத்தார். பஸ்ஸின் அடியில் படுத்து வேலை செய்கிற கை அது, இரண்டு சட்டைப் பித்தான்கள் தெறித்தன. அப்பா ஒரு மஞ்சப்பையில் வீட்டிலிருந்த எல்லா செல்போனையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். இது நியாயமா என்று நான் கேட்டேன். என் பதவிக்கு அதில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் அதிகம் ஓடினால் படபடவென்று துடிக்கும். குறைவாக ஓடினால் விட்டுவிட்டு மின்னும். நானும் தங்கச்சியும் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை படுக்கப் போகும்போது நானூற்றுத் தொண்ணூறு. மொட்டைமாடியில் வரிசையாகப் பாய் போட்டு எல்லோரும் அங்கேயே தூங்கினோம். கொசு பிடுங்கியது. ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் நானூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஜெயித்துவிட்டோம் என்று தங்கச்சியிடம் சொன்ன கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கெடாரிலிருந்து சித்தியின் அண்ணனும் அவர் மனைவியும். அவருடைய கொழுந்தியாளுக்குக் கல்யாணமாம், பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். ஒரு கோணிப்பை நிறைய மல்லாட்டை வேறு; வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம்.

எங்கள் பக்கம் வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஃபேன் போடவேண்டும். அது மரியாதை. சித்தி பெரிய ஃபேனைப் போட்டாள். அம்மா பழக்க தோஷத்தில் டேபிள் ஃபேனையும் கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பா டிவியைப் போட்டார். வந்தவர்களுக்கு ஜில்லென்று ஏதாவது கொடுக்க மிக்ஸி ஓடியது. நான் மீட்டருக்கு ஓடினேன். சிவப்பு விளக்கு பைத்தியம் பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நாங்க போயிடுவோமா?" என்றாள்.

நான் யோசிக்கவில்லை. செருப்பு ஸ்டாண்டின்மேல் ஏறி மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தேன்.

எல்லாம் நின்றது. "கரண்ட்டு போயிடுச்சு" என்றாள் அம்மா, வழக்கம்போல. விருந்தாளிகளும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போவது யார் வீட்டில்தான் இல்லை? அம்மா விசிறியைத் தேடி எடுத்தாள். நல்லவேளை தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டபோது பக்கத்து வீட்டு டிவி சத்தமாகப் பாடத் தொடங்கியது.

கெடார் மாமா காதைத் தீட்டிக்கொண்டார். "பக்கத்து வூட்டுல டிவி ஓடுதே, மச்சான்?"

சித்தப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி, படிக்குக் கீழே நின்றிருந்த என்னைப் பார்த்தார். பிறகு மெயின் ஸ்விட்சைப் பார்த்தார்.

"அவங்களுக்கு வேற ஃபேஸுங்க" என்றார் சித்தப்பா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல். "நம்ம ஃபேஸு மட்டும்தான் போயிருக்கும். இப்ப வந்துடும்."

அது வரவே இல்லை, அவர்கள் கிளம்பும் வரைக்கும். கிளம்பும்போது தட்டில் இரண்டு பத்திரிகை வைத்து நீட்டினார்கள், மேல்வீட்டுக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று. அப்பா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு போதுங்க. ஒரே வூடுதான்." சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைக் தெரு முனை திரும்பியதும் அவரே போய் மெயினைத் தூக்கிவிட்டார். என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திங்கள் காலை நானூற்றுத் தொண்ணூற்றாறு. பாய்க்கடியில் மடிப்பு விழுந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ராணிகள் மாதிரி பள்ளிக்கூடம் போனோம். சாயங்காலம் ஓடிவந்து பார்த்தால், ரீடிங் எடுப்பவர் வரவில்லை.

அவர் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் பரீட்சை தொடக்கம். அன்று குழாயிலும் தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடவேண்டியதாகிவிட்டது. ராத்திரி மொட்டைமாடிக்குப் பாயைத் தூக்கிய எங்களை அப்பா தடுத்தார். "புள்ளைங்களுக்கு நாளைக்குப் பரீட்சை. மேலயும் கீழயும் ஃபேனப் போடுங்க." நான் எதிர்த்தேன். பதவி சனி ஞாயிறோடு முடிந்துவிட்டது என்றார்.

செவ்வாய் மத்தியானம் ரீடிங் எடுப்பவர் வந்து எழுதிவிட்டுப் போயிருந்தார். ஐந்நூற்று மூன்று.

தங்கச்சி புத்தகப் பையோடு படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். சித்தப்பா வருவதற்குள் அட்டையை ஒளித்துவைக்கலாமா என்றுகூட யோசித்தோம். அவர் வந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார்.

"மூணு யூனிட்டுண்ணா" என்றார் சித்தப்பா. பிறகு சிரித்துவிட்டார். "கடைசி ரெண்டு நாள்ல இறுக்கிப் புடிச்சா பத்தாது. அடுத்த வாட்டி மொத நாள்லருந்தே பாத்துக்கலாம்."

விழுப்புரம் என்ற பேச்சே வரவில்லை. சித்தி கீழே வந்து, "அக்கா, அரிசி ஊறப் போட்டுட்டீங்களா? எங்களுக்கும் சேத்தே அரைச்சிடுங்க, ரெண்டு வாட்டி எதுக்கு கிரைண்டர் ஓடணும்?" என்று கேட்டாள். பில் முன்னைப் போலவே எகிறித்தான் வந்தது. பாதிப் பாதியாகக் கட்டினார்கள். தோற்றுப்போன பிறகும் ஏன் யாரும் வீடு பார்க்கப் போகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. என் மெயின் ஸ்விட்ச் சாமர்த்தியத்தை மெச்சித்தான் விட்டுவிட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்து இப்போது விழுப்புரத்தில் தங்கி ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறேன். சேர்ந்த முதல் வாரம் கிளியனூரிலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருக்கிறோம், தம்பிக்குத் தனி மீட்டருக்கு அப்ளிகேஷன் போடவேண்டும் என்றார். படிவத்தை நிரப்பிக்கொண்டே ஏன் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரே மீட்டரில் ஓடினால் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஐந்நூறைத் தாண்டும். இரண்டு மீட்டர் என்றால் ஆளுக்குப் பாதிதான் வரும், ஐந்நூறு பக்கமே போகவேண்டாம், இலவச யூனிட்டும் ஆளுக்குத் தனித்தனி.

என் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. அம்மி வேண்டாம், களி வேண்டாம், கொசுக்கடி வேண்டாம். ஒரே ஒரு விண்ணப்பம் போதுமாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் தனி மீட்டர் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"அப்பவே தெரியும்மா" என்றார். "கோவத்துல வூடு பாக்கறேன்னு சொல்லலாம், அது வெறும் கோவம். மீட்டருன்னு சொன்னா அண்ணன் மறுநாளே போட்டுக் குடுத்துடுவாரு. அப்பறம் வூடு ரெண்டாயிடும். அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லிடாத."

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனபோது, அப்பா தனியாக இருந்த நேரம் பார்த்து அவரிடமும் மெல்லக் கேட்டேன். அவர் மாடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசு. உன் சித்தப்பனுக்கு அது தெரியாது."

நான் இருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.