நாற்காலிக்கு மட்டும் கேட்காத டிவி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் வேன்காரர் என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். எனக்கு அவர் அத்தான். கல்யாணமான நாளிலிருந்து அதே வேலை, அதே முதலாளி, வண்டிதான் மாறியிருக்கிறது. வண்டியில் ரேடியோ போடமாட்டார். பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றமாட்டார். மழை பெய்தாலும் ஒரு விரல் இடைவெளி இருக்கும். பின்னால் என்ன வருகிறது என்று காதில் விழவேண்டுமாம்.

வீட்டில் ஒரு பழைய டிவி. முதுகு புடைத்த கனமான பெட்டி, நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். படம் பளிச்சென்று தெரியும், சத்தம்தான் கரகரவென்று ஆகிவிட்டது. அக்கா மகன் பெரிய கெட்டிக்காரன். "புதுசு எதுக்கு, நானே சரி பண்றேன்" என்று, நண்பன் வீட்டில் சும்மா கிடந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து ஒயர் இழுத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

அத்தானுக்கென்று ஒரு கைவைத்த நாற்காலி உண்டு. டிவிக்கு நேர் எதிரே, நட்டநடுவில். அதில் யாரும் உட்காரக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் உட்காரமாட்டார்கள். அவர் வேலைக்குப் போன நேரத்திலும் அது காலியாகவே கிடக்கும். அக்கா சமையலறை வாசலோரம் தரையில். மகன் சுவரோரக் கட்டிலில். நான் போனால் எனக்கும் அந்தக் கட்டிலின் ஓரம்தான்.

"பாட்டு நல்லா வருது. பேசறதுதான் கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்றார் அத்தான்.

"நல்லாத்தானேப்பா கேக்குது."

"கொஞ்சம் கூட்டு."

கூட்டினால் அக்கா காதைப் பொத்திக்கொள்வாள். "ஊருக்கே கேக்குது, உங்களுக்கு மட்டும் கேக்கலையா?"

தினமும் இதே பாட்டு. கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் டிவிக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, எதையெதையோ திருகிப் பார்த்துவிட்டு, "செட்டுல ஒரு குறையும் இல்லைங்க" என்றார். போகும்போது சும்மா போகாமல், அத்தானுக்குத் தெரியாமல் தன் காதைத் தொட்டு அக்காவுக்கு ஜாடை காட்டிவிட்டுப் போனார். பாவி மனுஷன்.

அதன்பிறகு அத்தான் என்ன செய்தாலும் காதுதான் காரணம். ஒருதரம் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் போதும், தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நாளெல்லாம் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் பெண்டாட்டி கூப்பிடுவதை நாலு தரம் காதில் வாங்காமல் இருப்பது ஊர் உலகத்தில் இல்லாததா? டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். உள்ளுக்குள் பயம். காது போச்சு என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வண்டியும் போச்சே.

அக்காவுக்கோ தூக்கமே போய்விட்டது. "வண்டி நிறைய ஊரான் பிள்ளைங்கடி. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சு, இவருக்குக் கேக்கலைன்னா?" என்று என்னிடம் அழுதாள். அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் செய்த காரியம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கட்டினவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

முதலாளி நல்லவர்தான். "கொஞ்ச நாள் ஓய்வா இருங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு, ஷெட்டில் கேட் திறக்கவும் வண்டி கழுவவும் போட்டார். யார் சொன்னது என்று அத்தானுக்கு அன்றே தெரிந்துவிட்டது. அவர் சண்டை போடவில்லை. "என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். 

பிறகுதான் அவர் மாறிப்போனார். யாரும் கூப்பிடாமலே, "கூப்பிட்டீங்களா?" என்று எழுந்து வருவார். "கொழா சொட்டுதா, இல்ல எனக்கு அப்படித் தோணுதா?" என்பார்.

ஒரு மழைநாளில் அவர் ஷெட்டுக்குப் போயிருந்தபோது நான் அங்கே போனேன். கட்டில் முழுக்க ஈரத்துணி. எனக்கோ முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பேசாமல் அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அடியே, அது அவர் நாற்காலி."

"இருந்துட்டுப் போகட்டும்."

டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கிறவள் வாயைத் திறக்கிறாள், பேச்சு மெலிந்து எங்கோ அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. எழுந்து அக்கா பக்கத்தில் போய் நின்றேன். கணீரென்று கேட்டது. திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் தேய்ந்துவிட்டது.

"அக்கா, நீ இங்க வந்து உக்காரு."

"ஏன்டி?"

"உக்காருன்னா உக்காரேன்."

தயங்கித் தயங்கி விளிம்பில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் வந்த மகன் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றில் சிவப்பு ஒயர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பைச் செருகியிருந்தான். அப்படிச் செருகினால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்குமாம். சரிபாதி நடுவில் இருப்பவருக்கு, இரண்டு பெட்டியிலும் ஒரேமாதிரி வருகிற பேச்சு ஒன்றையொன்று தின்றுவிடுமாம், வேறுவேறாக வருகிற பாட்டு தப்பித்துவிடுமாம், ஓரத்தில் இருப்பவருக்குத் தெரியாதாம். கெட்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். மாற்றிச் செருக ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அத்தான் தானாகவே காது டாக்டரிடம் வந்தார். அவர் வயசுக்கு இவ்வளவு நல்ல காது அபூர்வம் என்றார் டாக்டர். அக்கா முதலாளி வீட்டுக்கு ஓடினாள். முதலாளியும் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். விட்டது பீடை என்று நாங்களெல்லாம் மூச்சுவிட்டோம்.

ஆனால் வேன் தினமும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அத்தான் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, தலையை வெளியே நீட்டிக் கேட்டாராம். அப்படியும் மனசு ஆறாமல், "யாராவது ஹாரன் அடிச்சாங்களாப்பா?" என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பின்னால் ஒன்றுமே வராதபோதும், "அடிச்சாங்க அங்கிள்" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்களாம். அவரும் வண்டியை ஓரம்கட்டி, வராத வண்டிக்கு வழி விட்டுக் காத்திருப்பாராம்.

ஒருநாள் அவரே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். கேட் வேலையே போதும் என்று சொல்லிவிட்டாராம். நானும் அங்கேதான் இருந்தேன்.

"டாக்டரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே, இன்னும் என்னங்க?" என்று அக்கா அழுதாள்.

"டாக்டர் யாரோ ஒருத்தர்" என்றார் அத்தான், கோபமே இல்லாமல். "கேக்கலைன்னு சொன்னது நீங்கதானே. உங்களை நான் நம்பிட்டேனே."