போன வருடத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டில் அப்போது ஏழு பேர். பதினான்கு கால்களில் மூன்று, அந்தப் பங்குனி மாதம் முழுக்கக் கட்டிலோடு கிடந்தன. அப்பாவின் வலது கால், சித்தப்பாவின் இடது கால், அண்ணனுடைய கால் ஒன்று. மூன்றிலும் நரம்புச் சிலந்தி.

இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பலரும் எட்டுக்கால் பூச்சியை நினைத்துக்கொள்வார்கள். இது வேறு. முதலில் நெருப்புச் சுட்டதுபோல ஒரு கொப்புளம் வரும். அது உடைந்ததும் உள்ளிருந்து வெள்ளை நூலாக ஒரு புழு தலை காட்டும். இரண்டு முழம்கூட இருக்கும். அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளைக்கு ஒரு விரற்கடை வீதம் வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் கால் சீழ் கட்டி, மாதக்கணக்கில் ஆறாது. அப்பாவுக்கு அறுந்துவிட்டது.

கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் கோடைதோறும் நாலைந்து பேருக்கு அது வரும். ஆனால் ஒரே வீட்டில் மூன்று பேர் விழுந்தது அதுதான் முதல் தடவை. காரணத்தைத் தேடி யாரும் தூரம் போகவில்லை. தை மாதத்தில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி, பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து சின்னம்மா வந்திருந்தாள். தையில் பெண் வந்தாள், பங்குனியில் மூன்று ஆண்கள் விழுந்தார்கள். கிணற்றடியில் பெண்கள் இதைச் சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டு வந்து அடுப்படியில் சொல்ல, பெரியப்பா அதைத் தீர்மானமாக்கினார்.

பெரியப்பாதான் வீட்டுக்குத் தலைவர். பெரியம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகளும் இல்லை. அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இருந்ததை நான் கேட்டதில்லை. சின்னம்மாவின் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். பெண்ணைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று பெண்களில் நான் ஒருத்தி. சின்னம்மாவுக்குப் பதினாறு வயதிருக்கும். என் தலையில் பேன் பார்த்தபடி, நான் வாய்ப்பாடு சொன்னால் தப்பைத் திருத்துவாள். அவள் படித்தவள் இல்லை; நான் சொல்லச் சொல்லக் கேட்டே மனப்பாடம் ஆக்கியிருந்தாள். அவள் போய்விடுவாள் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வாரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். ஊர்க்காரர்களைக் கூட்டச் சொன்னார், ஒருவரும் வரவில்லை. சரி, பிள்ளைகளாவது கேட்கட்டும் என்று எங்கள் படிக்கிணற்றிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டுவரச் சொல்லி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். தெளிந்த தண்ணீர்தான். உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளிப் போயின. பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். புள்ளிகளுக்கு வால் இருந்தது. எனக்குக் கண்ணாடியை அடுத்தவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு அவர் விளக்கினார்: சிலந்தி வந்த காலோடு ஒருவர் கிணற்றுப் படியில் இறங்குகிறார், புழு தண்ணீரில் குஞ்சு விடுகிறது, குஞ்சை இந்தப் பூச்சி தின்கிறது, பூச்சியை நாம் குடிக்கிறோம். குடித்த குஞ்சு உடம்புக்குள் வளர்ந்து, காலுக்கு வந்து சேர ஒரு வருடம் ஆகும். துணியை மடித்துத் தண்ணீரை வடிகட்டினால் பூச்சி துணியிலேயே நின்றுவிடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சின்னம்மாவின் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் மாட்டை அவிழ்க்காமலே நின்றார். சின்னம்மாவின் தகரப் பெட்டியை அம்மா கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். சித்தப்பா காலை நீட்டிப்போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா அழவில்லை. புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எப்படி என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மனக்கணக்குக்கு விடை சட்டென்று வருமே, அப்படி வந்தது. கத்தியே விட்டேன்.

“பெரியப்பா, சிலந்தி வர ஒரு வருசம் ஆவுமுங்க! அப்பா கால்ல இப்ப வந்தது போன வருசம் குடிச்ச தண்ணிங்க. போன வருசம் சின்னம்மா நம்ம வூட்லயே இல்லீங்களே!”

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, தம்ளர், பூச்சி, வால், துணி என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

“சைக்கிள்ல வந்தவன் சொன்னா ஆச்சா? எங்கப்பன் குடிச்ச கெணறு அது,” என்றார் பெரியப்பா.

கட்டிலில் கிடந்த அப்பா மெல்ல வாய் திறந்தார். “இல்லீங்ண்ணா. புள்ள சொல்றது கணக்குக்குச் சரியாத்தானுங்களே இருக்குது.”

சின்னம்மாவின் அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி. ஒரு வருசம். அடுத்த கோடைல இந்த வூட்ல ஒரு கால்ல சிலந்தி வந்தாலும் வண்டிய நானே பூட்டறேன். பெட்டிய எறக்குங்க.”

பெட்டி இறங்கியது. சின்னம்மா என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நேராகப் பெட்டியைத் திறந்து, தாய்வீட்டுச் சீராக வந்த நாலு முழம் மல் துணியை எடுத்துவந்து கேட்டாள்: “எத்தனை மடிப்பு மடிக்கோணும்னாரு?”

யுத்த காலம் அது. துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. புதுத் துணியைக் குடத்து வாய்க்கென்று கிழித்ததைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கிழித்த துணியை ஒட்டவா முடியும்? அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு குடமும் வடிகட்டித்தான் வந்தது. தினமும் துணியைக் கிணற்றுக்குத் தள்ளிக் கொண்டுபோய் உதறி, வெயிலில் காயப்போடுவோம். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுரைக்குடுக்கையில் நிரப்பிக் கொடுப்போம். அண்ணனை மட்டும் நம்ப முடியாது. அவன் குடுக்கையை மரத்தடியில் வைத்துவிட்டுக் கிணற்றில் குதிக்கிற ஆள். மத்தியானம் களி கொண்டுபோகும்போது குடுக்கையைக் குலுக்கிப் பார்ப்பேன். குறையாமல் இருந்தால் சின்னம்மாவிடம் சொல்வேன். அன்று ராத்திரி அவன் தட்டில் குழம்பு குறையும். பத்தே நாளில் அண்ணன் திருந்தினான்.

திருந்தாதவர் பெரியப்பா ஒருவர்தான். தினமும் நாங்கள் குடத்தோடு நிற்கும்போதே படியில் இறங்கி, இரண்டு கையையும் குவித்து அள்ளி அள்ளிக் குடிப்பார். மீசையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். “என்ன புள்ள, உன் பூச்சி இன்னிக்கு இனிப்பா இருக்குது,” என்பார். சின்னம்மா ஒதுங்கி, தலையைக் குனிந்துகொள்வாள். தம்பி பெண்டாட்டி மூத்தார் முன்னால் நிற்பதோ பேசுவதோ எங்களில் வழக்கமில்லை. ஆனால் வீட்டு வேலையில் அவள் கை படாத இடமில்லை என்று ஆகிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு வெற்றிலையை அவர் மெல்லுகிற பதத்துக்குத் தட்டி வைப்பவள் அவள்தான். களி கிண்டினால், “இன்னிக்குச் சின்னவ கிண்டினதா?” என்று அவரே கேட்பார்.

அடுத்த பங்குனி வந்தது. நான் தினமும் காலையில் எல்லோருடைய கால்களையும் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். மேலத் தெருவில் இரண்டு வீட்டில் கொப்புளம் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்தது. ஊரில் ஏழு பேர் ஆனார்கள். எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. பங்குனி முடிந்தது. சித்திரை பிறந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சித்திரை நடுவில் ஒருநாள் பெரியப்பா கணுக்காலில் துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு காட்டிலிருந்து வந்தார். முள் குத்தியது என்றார். மறுநாளும் அதே துணி. ஏர் ஓட்டப் போனார். திரும்பி வரும்போது நொண்டக்கூடாது என்று அவர் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தது எனக்குத் தெரிந்தது. நாலாம் நாள் அவர் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தபோது துணியை மெல்ல விலக்கினேன். கொப்புளம் உடைந்து, நடுவில் வெள்ளை நூல்.

நான் சிரித்தேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சிரிக்கத்தான் செய்தேன், குதித்தேன்கூட. “வந்துருச்சு! பெரியப்பாவுக்கு மட்டும் வந்துருச்சு!” என்று வீடெல்லாம் கேட்கக் கூவினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். சின்னம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. மிகவும் களைத்தவராகத் தெரிந்தார். “ஏம் புள்ள, உன்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா?” என்றார்.

முடியாது. ஒரு வருடம் காத்திருந்த வாய் அது. ஒவ்வொருவராகக் கை காட்டிச் சொன்னேன். “அப்பா வடிகட்டின தண்ணி குடிச்சாருங்க, வரல. அம்மாவுக்கு வரல. சித்தப்பாவுக்கு வரல, சின்னம்மாவுக்கு வரல, அண்ணனுக்கு வரல, எனக்கு வரல. ஆறு பேருக்கும் வரல. நீங்க ஒருத்தர்தானுங்க கெணத்துல அள்ளிக் குடிச்சீங்க. உங்க ஒருத்தருக்குத்தான் வந்துருக்குது. சின்னம்மாவால வந்திருந்தா ஏன் ஒருத்தருக்கு மட்டும் வரோணும்?”

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு சித்தப்பா, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியப்பா முன்னால் குரலெடுத்து, “வண்டி ஒண்ணும் பூட்ட வேண்டாமுங்கண்ணா,” என்றார். பெரியப்பா எல்லோரையும் பார்த்தார். என்னைக் கடைசியாகப் பார்த்தார்.

“அந்தக் கொடத்துல ஒரு சொம்பு மொண்டாம்மா,” என்றார்.

நான் மொண்டு கொடுத்தேன். ஊரே பார்க்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். மறுநாளே அவர் வாயால் சொல்லி, பக்கத்து வீடுகளிலும் குடத்துக்குத் துணி ஏறியது. சிலந்தி வந்தவர்கள் படியில் இறங்கக்கூடாது, மற்றவர்கள் மொண்டு கொடுக்க வேண்டும் என்று கிணற்றடியில் அவரே கட்டிலைப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். இரண்டு கோடைக்குப் பின் எங்கள் தெருவில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பெரிய தலைவர்களெல்லாம் தேசத்துக்காக ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நானும் ஒரு யுத்தத்தை ஜெயித்துவிட்ட நினைப்பில் நடந்துகொண்டிருந்தேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெரியப்பாவின் காலிலிருந்து புழுவை எடுக்கும் வேலையைச் சின்னம்மா தானே ஏற்றுக்கொண்டாள். வழக்கத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து, எருக்கிலையை வதக்கி ஒத்தடம் கொடுத்து, தினமும் ஒரு விரற்கடை சுற்றினாள். இருபத்தோரு நாள். அறுக்காமல் எடுத்தாள். ஒருநாள் கோபத்தோடு கேட்டேன்.

“உன்னைய வண்டியேத்தப் பாத்தவருக்கு எதுக்கு நீ செய்யற?”

குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நாலு நாள் அந்தக் காலோட ஏரோட்டினாருடி.”

அவள் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். பெரியப்பா காலை மறைத்தது என்னிடம் தோற்றுப்போன வெட்கத்தால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆறு பேர், ஒருவர், ஒரு வருடம் என்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருந்த நான், ஒரு மனிதர் தான் கொடுத்த வாக்கிலிருந்து வேறு வீட்டிலிருந்து வந்த பெண்ணொருத்தியைக் காப்பாற்ற நாலு நாள் நொண்டாமல் நடந்திருக்கலாம் என்பதை யோசிக்கவே இல்லை.