அளவு ஜாக்கெட் சொல்லாதது

அளவெடுத்துப் பிழைக்கும் நமக்கெல்லாம் பொதுவான ஒரு தொல்லை உண்டு: நாம் கேட்பது இஞ்சுக் கணக்கை, வருகிறவர்கள் சொல்வது வீட்டுக் கதையை. தையல் கடையோ, வளையல் கடையோ, மூக்குக் கண்ணாடிக் கடையோ வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். எனக்கு வேலை பின்னல். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி அறை. அங்கே உட்கார்ந்து பருத்தி நூலில் பெண்களுக்கான லேஸ் டாப் பின்னுகிறேன். கோடைக்கு ஏற்றது, உடம்போடு ஒட்டி நிற்கிற ரகம். நான் ஆண்பிள்ளை என்பதால் திரைக்குப் பின்னால் டேப் பிடிப்பது செல்வி அக்கா. அறையின் மறுபாதியில் தையல் மிஷின் போட்டிருப்பவர். போன கோடையில் பின்னிய ஒரே ஒரு டாப்பைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒன்றுதான், ஆனால் அதை முடிப்பதற்குள் பத்து டாப் பின்னிய களைப்பு வந்துவிட்டது.

ஜாக்கெட் வந்தது, ஆள் வரவில்லை

ஜெயா மாமி ஒரு மஞ்சப்பையோடு படியேறி வந்தார். பையில் இருந்தவை கத்திரிப்பூ நிறத்தில் ஆறு நூலுருண்டைகள், இஸ்திரி போட்டு மடித்த ஒரு பழைய ஜாக்கெட். "என் பொண்ணு நித்யாவோடது. காலேஜ் நாள்ல போட்டுண்டது. இதுதான் அளவு. லேஸ் டாப் போட்டுக் கொடு" என்றார்.

அளவு ஜாக்கெட்டை வைத்துத் துணி தைக்கலாம். உள்ளே கொஞ்சம் துணி மடித்து விட்டால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். பின்னலில் உள்ளே விடுவதற்கு எதுவும் கிடையாது. அதனால், "ஒரு தடவை அவங்களை வரச் சொல்லுங்க மாமி, அக்கா அளவெடுத்துடுவாங்க" என்றேன். மாமி ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவ வேளச்சேரில இருக்கா. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிண்டா. நான் போகல. ரெண்டு வருஷம் ஆச்சு. அவளும் வரமாட்டா, நானும் கூப்பிட மாட்டேன். பொறந்த நாள் வரது. இதையாவது அனுப்பிப் பாக்கறேன்." நான் நூலையும் ஜாக்கெட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மாமி படியிறங்கிப் போன பிறகு செல்வி அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஜாக்கெட்டு கீது, பொண்ணு கீது, நடுவுல ஒரு ரயிலும் கீது. ஏறிக் குந்துனா இருவது நிமிசம். அத்த வுட்டுட்டு நூலு, ஊசி, நீ, நானுன்னு எத்தினி பேர இட்டாறாங்க பாரு!"

சின்னதாக இருக்கிறதே

மாமி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். கணவருக்கு டில்லியில் வேலையாக இருந்த காலத்தில் குளிருக்கு நிறைய ஸ்வெட்டர் பின்னியவர். அதனால் அவர் வந்து உட்கார்ந்தாலே நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை எண்ணுவேன். ஊசியில் ஏறிய நூலில் எங்கே ஒரு கண்ணி நழுவியிருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவார்.

ஒருநாள் பாதி முடிந்த டாப்பை எடுத்து ஜாக்கெட்டின் மேல் விரித்தார். முகம் மாறிவிட்டது. "ஏண்டாப்பா, ரெண்டு இஞ்சு சின்னதா இருக்கே! ஸ்வெட்டர்னா நாங்க பெரிசாத்தானே போடுவோம்?" நான் பொறுமையாகச் சொன்னேன். லேஸ் டாப்பை உடம்பைவிடச் சின்னதாகத்தான் பின்ன வேண்டும், போட்டுக்கொண்டால் இழுபடும், இழுபட்டால்தான் அதிலிருக்கும் இலையும் பூவும் விரியும், தொளதொளவென்று இருந்தால் கொசுவலை மாதிரி தொங்கும் என்று. மாமி அதை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பார்த்தார். சுருங்கிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "சரி. இதாவது அவளோட ஒட்டிண்டு இருக்கட்டும்" என்றார்.

திரைக்குப் பின்னால்

டாப் முடிந்தது. மிச்சமிருந்த ஓர் உருண்டை நூலை மாமி வீட்டுக்கு எடுத்துப் போனார். "உன் கடை பேர்ல அனுப்பு. என் பேரைப் பாத்தா பிரிக்காமயே வெச்சுடுவா" என்று சொன்னதால் அப்படியே கூரியரில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் அதே கூரியர் கவர். "நான் நித்யா. இது எனக்குப் பத்தல" என்றார். முதலில் நான் மன்னிப்புத்தான் கேட்டேன். நேரில் அளவெடுக்காமல் பின்னியது என் தப்பு என்றேன். அவர் சிரித்தார். "உங்க மேல தப்பில்ல. பிரிச்சதுமே யார் அனுப்பினதுன்னு தெரிஞ்சுடுத்து. கத்திரிப்பூ கலர் எனக்குப் பிடிக்கும்னு சொல்லலாம், அது பல பேருக்குத் தெரியும். ஆனா இந்த அளவு உலகத்துல ஒரே ஒரு பீரோலதான் இருக்கு."

செல்வி அக்கா திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். உள்ளே கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு. பிறகு அக்காவின் குரல்: "எழுதிக்க தம்பி. மேல ரெண்டு இஞ்சு கூட கீது, அது இழுபட்டுக்கும், வுடு. கீழதான் வேலை. அஞ்சு மாசம்." நான் நோட்டில் அஞ்சு என்று எழுதிவிட்டு, அது இஞ்சு இல்லை என்பது புரிந்து பேனாவை வைத்தேன்.

நித்யா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி பண்ணிக் குடுங்க. இதை அலமாரில வைக்க மனசு வரல, போட்டுக்கணும். ஆனா அம்மாகிட்ட எதுவும் சொல்லக் கூடாது." நான் தலையாட்டினேன். ஆனாலும் என் முகத்தில் ஏதோ கேள்வி தெரிந்திருக்க வேண்டும். அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "தெரிஞ்சா உடனே ஓடி வந்துடுவா. அதுதான் பயம். அவ எனக்காக வரணும். பேரப்பிள்ளையைப் பாக்க வந்தாள்னா, நான் வெறும் வாசப்படிதானே?"

தொலைபேசியில்

அன்று மாலையே மாமி கூப்பிட்டார். "போய்ச் சேந்துதா? ஏதாவது சொன்னாளா? சரியா இருந்துதாமா?" பொய் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உண்மையில் பாதியைச் சொன்னேன்: "கொஞ்சம் பத்தலையாம் மாமி. பிரிச்சு சரி பண்ணச் சொல்லியிருக்காங்க." வருத்தப்படுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு கேட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசுகிற குரல்: "பத்தலையா? அப்போ நன்னா சாப்பிடறா. திருப்பி அனுப்பாம, சரி பண்ணித்தான் கேட்டிருக்கா, இல்லியா?"

முன்பக்கம்

கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்குவது என் வழக்கம். அதனால் இடுப்பிலிருந்து மார்பு வரை பிரித்தால் போதும். பிரித்து மறுபடி பின்னத் தொடங்கினேன். லேஸ் என்பது ஒரு கணக்கு. ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் ஓட்டை விழும், ஒரு கண்ணி கூடும். கூடியதற்கு ஈடாகப் பக்கத்திலேயே இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காமல் விட்டால் துணி அகலமாகிக்கொண்டே போகும். நித்யாவுக்காக முன்பக்கத்தில் மட்டும் சேர்க்காமல் விட்டேன். பின்பக்கம் பழையபடியே. அகலம் கூடியதில் நூல் பற்றவில்லை. அதே சாயத்தில் தோய்ந்த நூல் கடையில் தீர்ந்துபோய்விட்டது. இருப்பது மாமி வீட்டிலிருந்த ஓர் உருண்டைதான். ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் போனில் சொன்னேன். மாமி கேட்பாரா? அரை மணி நேரத்தில் படியில் செருப்புச் சத்தம்.

டாப் மேசைமேல் விரித்துக் கிடந்தது. எடுத்து உள்ளே வைக்க எனக்கு நேரமில்லை. செல்வி அக்கா இருமினார். இருமலைக் கவனிக்கும் நிலையில் மாமி இல்லை. முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் இரண்டு ஓரத்திலும் அடையாளத்துக்கு நான் கட்டியிருந்த சிவப்பு நூலுக்கு நடுவே விரலை வைத்துக் கண்ணிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். முன்பக்கம் எண்ணினார். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எண்ணினார். மறுபடி முன்பக்கம்.

"உடம்பு போட்டா ரெண்டு பக்கமும்தானே போடும்?" என்றார். நான் ஊசியை எடுத்துத் துடைத்தேன். "நீ ஏன் முன்னாடி மட்டும் சேக்காம விட்டுண்டே போயிருக்கே?"

பின்னத் தெரியாத யாராக இருந்தாலும் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மாமியின் விரல் விரிந்துபோன அந்த இடத்திலேயே நின்றது. கண்ணில் நீர் நிறைந்தது, விழவில்லை. "என்கிட்ட சொல்ல வேண்டாம்னாளா?" என்றார். இந்த முறை தலையை மட்டும் ஆட்டினேன். "ஏன்னு சொன்னாளா?" நான் தரையைப் பார்த்தேன். செல்வி அக்காதான் மிஷின் பக்கமிருந்து, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "பெத்த பொண்ணு மாமி அது. தனக்காவ ஒருத்தர் வரணும்னு ஆச இருக்காதா?"

கீழே ஆட்டோக்காரர் ஒருவர் வழிக்காகச் சண்டை போட்டு முடித்து, தெரு அடங்கிய பிறகுதான் மாமி எழுந்தார். டாப்பை முன்பக்கம் கீழாகத் திருப்பி வைத்தார். நூலுருண்டையை அதன்மேல் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் பாக்கல. நூல் குடுக்க வந்தேன், குடுத்துட்டேன். புரிஞ்சுதா?"

டாப்பை வாங்க வந்தபோது

அடுத்த வாரம் நித்யா வந்தார். திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்து நின்றார். இலைகள் எல்லாம் திறந்திருந்தன. முன்பக்கம் எங்கும் இறுகவில்லை, எங்கும் தொங்கவில்லை. நான் பின்னியதிலேயே சரியாக உட்கார்ந்தது அதுதான் என்று தோன்றியது. ஆனால் அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எங்களிடம் சொல்ல ஒரு சேதி வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வந்தா! ரயில்ல ஏறி, ஸ்டேஷன்லேர்ந்து வெயில்ல நடந்தே வந்திருக்கா. கதவைத் திறந்தா நிக்கறா. கையில எனக்குப் பிடிச்ச கருணைக்கிழங்கு வறுவல், ஒரு டப்பா. 'உன்னைப் பாக்கணும் போல இருந்தது, அதான் வந்தேன்'னா. அப்புறம்தான் என் வயித்தைப் பாத்தா. அப்படியே சுவத்தைப் பிடிச்சுண்டு உக்காந்துட்டா. நீங்க அந்த முகத்தைப் பாத்திருக்கணும்!"

செல்வி அக்கா மிஷினில் இல்லாத துணியைத் தைக்க ஆரம்பித்தார். நான் நோட்டைப் புரட்டினேன். அந்த முன்பக்கத்தை நான் ஒழுங்காக மறைத்து வைத்திருந்தால் மாமி ரயில் ஏறியிருப்பாரா என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஏறியிருப்பார் என்று ஒரு நாளும், மாட்டார் என்று ஒரு நாளும் தோன்றுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நடிப்பா, அத்தனை நாள் தேக்கி வைத்தது அங்கேதான் உடைந்ததா, அதுவும் தெரியவில்லை.

நித்யா திடீரென்று என்னை நேராகப் பார்த்து, "நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டார். "குழந்தையைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலைங்க" என்றேன். அது சத்தியமான உண்மை. அவர் டாப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு, குழந்தைகள் பரிசு வாங்கியதைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும். எதுவுமே தெரியாமதான் வந்தா. எனக்காகத்தான் வந்தா."

இந்தத் தொழிலுக்கு வந்தால் கை வலிக்கும், கண் எரியும், கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று முதலிலேயே எச்சரித்தவர்கள், ஒன்றுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொள்ளவும் பழக வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.